ஆயிரம் பக்கக் கதை, ஒரே ராத்திரியில் பாட்டாக! தெரியுமா?

உசிலம்பட்டிப் பக்கம் பங்குனி, சித்திரைத் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால், பெரிய புத்தகத்தைப் பாட்டாக்கி ஒரே ராத்திரியில் மேடையேற்றும் வித்தையைப் பொட்டலில் பாய் விரித்தே பார்த்துவிட்டீர்கள்!

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பாடல்கள். அதில் வள்ளி கதை எங்கே வருகிறது தெரியுமா? ஆறு காண்டமும் முடியப் போகும் நேரத்தில், ஆகக் கடைசிப் படலத்தில்! சூரபத்மனோடு நடந்த அத்தனை பெரிய போரையும் ஒதுக்கிவிட்டு, தினைப்புனம் காக்கும் பெண்ணைத் தேடி முருகன் வரும் அந்த ஒரு படலத்தை மட்டும் எடுத்தார் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்வரை நீள்கிறது நாடகம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மட்டுமே மணிக்கணக்கில் போகும். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல்! இதில் இன்னோர் அதிசயம்: ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுதி கூட்டினால் ஆரம்பித்துவிடலாம். அதுதான் ஸ்பெஷல் நாடகம்!

இதே உத்தி 2012-இல் நியூயார்க்கில் அரங்கேறியது தெரியுமா? டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' எத்தனை தடிமன்! இசையமைப்பாளர் டேவ் மல்லாய் அதிலிருந்து ஏறக்குறைய 70 பக்கங்களை மட்டும் உருவி, நடாஷா என்ற பெண் மனம் தடுமாறும் கதையை இசை நாடகமாக்கினார். நெப்போலியன் மாஸ்கோவைப் பிடிக்கும் பகுதியெல்லாம் அதில் கிடையாது. 2016-இல் அது பிராட்வேக்கே போய்விட்டது!

முழுக் கதையையும் பாடித்தான் தீருவோம் என்று நின்றவர்களும் உண்டு. விக்தர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட நாவலில் ஐந்து பாகம், 365 அத்தியாயம். 1985 அக்டோபர் 8 அன்று லண்டனில் மேடையேறிய அதன் இசை நாடகத்தில் வெறும் வசனம் என்று அநேகமாக எதுவுமே இல்லை. மூன்று மணி நேரமும் பாட்டுத்தான்! அதே நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த சுத்தானந்த பாரதியார் பிறந்தது நம் பக்கத்துச் சிவகங்கையில். 1950-இல் அது படமானபோது ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், ஆயுள் முழுக்க 'ஜாவர்' சீதாராமன் ஆகிவிட்டார். ஹ்யூகோ வைத்த பெயர் ஒரு தமிழ் நடிகருடைய பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது!

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னும் ஐந்து பாகம்தான், 293 அத்தியாயம். பாட்டை நம்பாமல், நடிப்பையும் கதையோட்டத்தையும் நம்பி அதை மேடைக்குக் கொண்டுவந்தது மேஜிக் லேன்டர்ன் குழு. ஆண்டு 1999, கல்கியின் நூற்றாண்டு. நாடக வடிவம் தந்தவர் இளங்கோ குமரவேல். 2014-இல் மறுபடி மேடை கண்டது. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது திரைக்கதையிலும் குமரவேலின் பெயர் இருந்தது!

ஒரு நாடகம் எழுத எத்தனை நாள் வேண்டும்? சங்கரதாஸ் சுவாமிகளுக்கு ஒரு ராத்திரி போதுமாம்! 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் டி.கே. சண்முகம். அந்தப் பிள்ளைக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை, பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று 'எனது நாடக வாழ்க்கை'யில் சண்முகமே சொல்கிறார். படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சண்முகமும் சகோதரர்களும்தான் பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவலை மேடையேற்றினார்கள். 1935-இல் அது சினிமாவும் ஆனது.

சரி, நம் மண்ணின் நாவலுக்கு வருவோம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்': 2008-இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், மதுரையின் ஏறக்குறைய 600 ஆண்டுக் கதை, 2011-இல் சாகித்ய அகாதெமி விருது. தாதனூர்க் கள்ளர்களின் களவும் காவலும் அதில் உயிரோடு நடமாடும். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத்தான் வசந்தபாலன் 2012-இல் 'அரவான்' படம் செய்தார். மேடைக்கும் அந்த வழி திறந்தே கிடக்கிறது. முழுதும் வேண்டாம், ஒரே ஒரு துண்டு போதும். திருமலை நாயக்கர் மகாலில் கன்னம் வைத்தவனுக்கே காவல் பொறுப்பு கிடைக்கும் அந்தக் கதையை எடுங்கள். நாயக்கராக ராஜபார்ட், கன்னக்கோலும் கையுமாகப் பபூன், இருவருக்கும் விடியவிடியத் தர்க்கம்! ராத்திரியில் நடக்கும் கதைக்கு ராத்திரி நாடகத்தைவிடப் பொருத்தமான மேடை எது? பாட்டு எழுத ஒரு வாத்தியார் மட்டும் கிடைத்தால் போதும். நடிகரும் ஆர்மோனியமும் மதுரைச் சீமையிலேயே இருக்கின்றன. வருகிற சித்திரைக்கே வெற்றிலை பாக்கு வைத்துவிடலாம்.