ரத்தம் பீறிட்டால் என்ன செய்வது? உயிர் காக்கும் 5 நிமிடம்!

சென்னை,

லாரியில் அடிபட்டு ஒரு வாலிபர் ரோட்டில் கிடக்கிறார். தொடையில் இருந்து ரத்தம் குபுகுபுவென்று கொட்டுகிறது. சுற்றிலும் ஐம்பது பேர். "ஐயோ பாவம்!" என்கிறார் ஒருவர். "தொடாதேப்பா, கேசுன்னு இழுத்தடிப்பாங்க!" என்கிறார் இன்னொருவர்.

எந்த ரோட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது.

வளர்ந்த ஆளின் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் 5 நிமிடத்திலேயே உயிர் போய்விடலாம். 108-க்குப் போன் செய்தாலும், வண்டி வரும் வரை டாக்டர், நர்ஸ் எல்லாமே பக்கத்தில் நிற்பவர்தான்!

முதலில் அழுத்துங்கள்

துண்டு, கைக்குட்டை எதுவானாலும் சரி. காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா?" என்று எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. பெரும்பாலும் இதிலேயே ரத்தம் அடங்கிவிடும்.

குச்சி வைத்து முறுக்கு

கை, கால் காயத்தில் ரத்தம் அடங்காமல் பீறிட்டால் இறுக்குக்கட்டு போட வேண்டும். டாக்டர்கள் இதை 'டூர்னிகே' என்பார்கள்.

காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே கட்ட வேண்டும். மூட்டின் மேல் கூடாது. துண்டையோ துப்பட்டாவையோ 2 அங்குல அகலத்துக்கு மடித்துக்கொள்ளலாம். சணல், ஒயர் வேண்டாம், சதையை அறுத்துவிடும். முடிச்சின் மேல் உறுதியான குச்சியை வைத்து இன்னொரு முடிச்சு போட்டு, ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். பிறகு குச்சி சுழலாமல் கட்டிவிட வேண்டும்.

அடிபட்டவர் வலி தாங்காமல் "விடுங்க, விடுங்க!" என்று கதறுவார். விடக்கூடாது. அரைகுறையாகக் கட்டினால் ரத்தம் இன்னும் அதிகமாகப் போகும்.

2013 ஏப்ரல் 15-ந்தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. பலருக்குக் கால் சிதைந்தது. அங்கே நின்றவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுப் போட்டார்கள். ஆனால் பல கட்டுகள் போதுமான அளவு இறுகவில்லை என்று பின்னர் டாக்டர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2015-ல் பொதுமக்களுக்கே இந்தப் பயிற்சி தரும் இயக்கம் அங்கே தொடங்கியது.

கால் போய்விடுமா?

"கட்டினா காலை எடுத்துடுவாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. 2 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அந்த ஆபத்து மிகக் குறைவு. கட்டிய நேரத்தைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். நடுவில் தளர்த்தக்கூடாது, டாக்டர்தான் அவிழ்க்க வேண்டும்.

கழுத்து, நெஞ்சு, வயிற்றுக் காயத்துக்கு இந்தக் கட்டு கிடையாது. பாம்புக் கடிக்கும் கூடாது.

கேஸ் பயம் வேண்டாம்

விபத்தில் உதவுகிறவரைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஐம்பது பேர் நின்று பரிதாபப்பட்டால் ரத்தம் நிற்காது. ஒருவர் மண்டியிட்டு அழுத்தினால் நிற்கும்!