கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் எத்தனையோ வீடுகளுக்குள் வந்துவிட்டது. இன்னொரு கஜா வந்தால் அந்த வீடுகள் என்ன செய்யும்? கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "இன்வெர்ட்டர் இருக்கே!" அந்தப் பதில்தான் எனக்குக் கவலை தருகிறது.

இன்வெர்ட்டர் கணக்கு

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் ஏறக்குறைய 300 முதல் 400 வாட் இழுக்கும். வீடுகளில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்-மணி. இது ஏட்டுக் கணக்கு. பேட்டரியை ஒட்ட உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு 1,200 வந்தாலே நல்ல பேட்டரி. 350 வாட் இயந்திரம் அதில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கூடவே இரண்டு மின்விசிறி சுற்றினால் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. மூன்று வருடப் பழைய பேட்டரி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியே பல மாதம் ஆயிற்று என்றால் இன்னும் குறையும்.

கம்ப்ரஸர் உள்ள கருவிக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் பொருந்தும். ஸ்கொயர் வேவில் மோட்டார் சூடேறி இரையும், பழுதாகவும் கூடும். மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் விட்டு இயந்திரத்தை மெயின் லைனுக்கு மாற்றுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரமோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும்

ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாதவருக்கு, மின்சாரமே கேட்காத ஒரு வழி வீட்டில் கட்டாயம் வேண்டும். 'பி' டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம் வரும். 5 லிட்டர் வைத்தால் ஐந்தே மணி நேரம். சிலிண்டர் இருந்தும் திறக்கும் சாவி எங்கே என்று தெரியாவிட்டால் பயனில்லை. சாவியைச் சிலிண்டரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ரெகுலேட்டரைப் பொருத்தவும் மீட்டரைப் படிக்கவும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே சிலிண்டரை மேலே ஏற்றிவிடுவது நல்லது. லிப்ட் நின்றபின் அதைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏற முடியாது.

பதற்றத்தில் பலர் செய்யும் காரியம், அளவைக் கூட்டி வைப்பது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரை போகலாம். மருத்துவர் எழுதிய அளவு எதுவோ அதுவே.

மெழுகுவர்த்தி வேண்டாம்

கரண்ட் போனதும் கை தேடுவது தீப்பெட்டியைத்தான். ஆக்சிஜன் ஓடும் அறையில் போர்வையும் தலையணையும்கூட அந்த வாயுவை ஏந்திக்கொண்டிருக்கும். சிறு பொறி விழுந்தாலும் குபீரென்று பற்றும். அங்கே மெழுகுவர்த்தி, அகல்விளக்கு, கொசுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் ஆகாது. சார்ஜ் லைட் ஒன்று கட்டிலருகே நிரந்தரமாக இருக்கட்டும். இதே காரணத்துக்காக ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவிடாதீர்கள்.

மற்ற கருவிகள்

வென்டிலேட்டரில் இருப்பவர் வீட்டில், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை கட்டில் தலைமாட்டிலேயே தொங்க வேண்டும். பழகியவர் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். சிபாப், பைபாப் கருவிகளில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை நிறுத்தினால் பேட்டரி வெகுநேரம் வரும். சளி உறிஞ்சும் கருவிக்குக் காலால் மிதிக்கும் வகை கிடைக்கிறது. நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசருடன் இன்ஹேலர் போதுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இரவில் இயந்திரம் மூலம் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள், கையால் பை மாற்றும் முறையையும் கற்றிருப்பது அவசியம். ஏர் பெட் காற்று இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இன்சுலினைப் பாலித்தீன் உறையில் கட்டி, தண்ணீர் வைத்த மண்பானையில் வைக்கலாம். ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண்.

முன்கூட்டியே சொல்லி வையுங்கள்

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதோடு உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த வீட்டில் உயிர் காக்கும் கருவி ஓடுகிறது என்று எழுதிக் கொடுங்கள். பழுது பார்க்கும் ஊழியருக்கு அது தெரிந்திருப்பது நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமும் கிராம செவிலியரிடமும் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் 108-ஐ அழைப்பது என்பதை மருத்துவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பெரும் புயலில் செல்போன் கோபுரமும் செத்துவிடும், சாலையில் மரம் கிடக்கும். அதனால் புயல் எச்சரிக்கை வந்த உடனே, ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனைக்கோ உறவினர் வீட்டுக்கோ நோயாளியை மாற்றிவிடுவதே சரி.

ஷட்டவுன் நாளில் ஒத்திகை

மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவித்து மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அந்த நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, கான்சென்ட்ரேட்டரை வெறுமனே இன்வெர்ட்டரில் ஓடவிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது பேட்டரி எச்சரிக்கை ஒலித்தது என்று தேதியோடு எழுதி இன்வெர்ட்டர் மேலேயே ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பேட்டரி அதே நேரத்தைத் தராது. அப்போது மறுபடியும் ஓட்டிப் பார்த்துப் பழைய எண்ணை அடித்துத் திருத்துங்கள்.