ஆபீஸ் நண்பர்களோடு ஊர் சுற்றலா? உங்க உடம்பையும் கூட்டிட்டுப் போங்க!

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, ‘கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்’ என்றார்கள். ஊரடங்கு போய்விட்டது. ஆனால், பல கம்பெனிகளில் அந்தப் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. மானேஜர் சென்னையில், ஒருத்தர் திருநெல்வேலியில், ஒருத்தர் கோவையில், இன்னொருத்தர் கும்பகோணத்தில்... தினமும் சந்திப்பது கம்ப்யூட்டர் திரையில்தான்! எப்போதாவது ஒருமுறை, ‘நேரில்தான் பார்ப்போமே’ என்று சென்னையில் கூடி, ஒரு நாள் சேர்ந்து ஊர் சுற்றுகிறார்கள்.

ரொம்ப நல்ல விஷயம். மனுஷனை மனுஷன் நேரில் பார்த்துச் சிரிப்பதே பாதி மருந்து. ஆனால், அந்த ஒரு நாள் முடிந்த கையோடு கால் வீக்கம், நீர்க்கடுப்பு, தலைவலி, மலச்சிக்கல் என்று வைத்தியரைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன காரணம்?

திரையில் தெரிவது தோளுக்கு மேலே மட்டும்தானே! பக்கத்தில் நடப்பவருக்கு மூட்டுவலியா, சுகரா, பிரஷரா... யாருக்கும் தெரியாது. சொல்வதற்கும் கூச்சம். புது ஆட்களின் நடுவில் உடம்பு கேட்பதை எல்லாம் அடக்கிக்கொள்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடக்கக்கூடாத 14

உடம்பில் இயல்பாக எழும் 14 வேகங்களை அடக்கக்கூடாது என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், இளைப்பு, தும்மல், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இப்படிப்பட்ட பயணங்களில் இவற்றில் பாதியை நாம் அடக்கிவிடுகிறோம்!

28 வயதுப் பெண் ஒருவர் குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியுமாக வந்தார். இரண்டு நாள் முன்புதான் இப்படி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார்.

“ஏம்மா, அன்னைக்குத் தண்ணியே குடிக்கலையா?”

“குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர்... எல்லாரும் புது ஆளுங்க. வேனை நிறுத்துங்கன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

காலை ஆறு மணிக்கு ஒரு காபி. அதோடு மத்தியானம் இரண்டு மணி வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. சிறுநீரையும் அடக்கியிருக்கிறார். தேங்கிய நீரில் கிருமி பெருகுவது சுலபம். அந்தத் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கும் என்று பட்டதால், கஷாயம் கொடுத்து நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, சீக்கிரமே குணமானது. குளிரும் காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்து நீங்களே வண்டியை நிறுத்துங்கள். கேட்கும் கூச்சம் யாருக்கும் வராது.

இரண்டு வாரம் முன்பே...

வருஷம் முழுக்க நாற்காலியில் இருந்த கால்களை ஒரே நாளில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்கச் சொன்னால் எப்படி? தேதி முடிவானதுமே தினமும் 10 நிமிஷம் நடக்க ஆரம்பியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 30 நிமிஷத்துக்கு வாருங்கள். புதுச் செருப்பும் ஷூவும் அன்றைக்கு வேண்டாம். பழகிய செருப்புதான் கொப்புளம் போடாது.

வெளியூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை, முகம் கழுவியதும் வேனில் ஏற்றாதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரமாவது படுக்க விடுங்கள். முக்கியமாக, வேன் டிரைவர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். அவர் தூக்கத்தை அடக்கினால், ஆபத்து வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும்!

வெயிலோடு மல்லுக்கட்டாதீர்கள்

மாமல்லபுரம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பலர் சாவகாசமாகக் கிளம்பி, உச்சி வெயிலில் ஐந்து ரதம் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். தலைக்கு மேலே சூரியன், காலடியில் கொதிக்கும் மணலும் பாறையும்! முந்தின நாளே வந்து தூங்கி எழுந்து, அதிகாலையில் கிளம்புங்கள். பத்து மணிக்குள் பார்த்துவிடலாம். மத்தியானம் எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி நிழலான இடம். சாயங்காலம் மெரினா காற்று. அங்கே காலை நனைக்கலாம் என்று கடலில் இறங்க வேண்டாம். அலை இழுப்பு அதிகம்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோர் அருமையான பானம். அதிகமாக வியர்த்துச் சோர்ந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலையில் இட்லி, மதியம் சாதம், ரசம், மோர். வயிறு கேட்பது இவ்வளவுதான். பந்தயம் கட்டி பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்தால், பித்தம் தலைக்கேறி வாந்திதான் மிச்சம். வேனில் குமட்டல் வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பாருங்கள். ஒரு துண்டு இஞ்சியை மெல்லலாம்.

ஒருத்தரிடமாவது சொல்லுங்கள்

‘சுகர் இருக்கிறது தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோ’ என்று மறைக்கிறார்கள், முக்கியமாக இளவயதுக்காரர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு தடுமாறும். அப்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உடன் வருகிறவர்களில் ஒருத்தருக்காவது உங்கள் நோயும் மாத்திரையும் தெரிந்திருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ‘ஒரு நாள்தானே’ என்று எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை... இதை ‘வாயு’ என்று சொல்லி சோடா குடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேண்டாம். அங்கேயே உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். வெயிலில் ஒருவர் உளறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அதுவும் அவசரம்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறிவிடுங்கள்.

‘எனக்கு முடியலை, நான் கீழேயே உட்கார்ந்திருக்கேன்’ என்று யாராவது சொன்னால் கிண்டல் செய்யாதீர்கள். இளைப்பும் அந்த 14-ல் ஒன்று. முடிந்தால் ஒருத்தர் துணைக்கு இருங்கள். மாதக்கணக்கில் நாலு சுவருக்குள் தனியாக வேலை பார்த்தவருக்கு, பக்கத்தில் ஒருத்தர் வந்து உட்கார்ந்ததும் கண் கலங்கலாம். கலங்கட்டும். கண்ணீரும் அடக்கக்கூடாத வேகம்தான்!