தாயின் இரத்தமும் பிள்ளையின் எடையும்



பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தில் சென்றிருப்பீர்களானால் கோபாலபுரம் எல்லைச் சாவடியை அறிந்திருப்பீர்கள். சாவடியைக் கடந்தால் கேரளம். ஆனாலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் இன்னும் நிறையக் காதில் விழும். இப்படிப்பட்ட எல்லை ஊர்களிலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் போன குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு: “பிரசவத்துக்குக் கேரளாவே நல்லது.” அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 40 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். கேரளத்தில் அந்த எண்ணிக்கை 12 மாத்திரமே.

அதே ஆண்டில், அதே பாலக்காடு மாவட்டத்தின் வடகோடியில், அட்டப்பாடி மலைப்பகுதியில், ஆதிவாசிக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும், கேரளத்தின் மண்ணார்க்காட்டிலிருந்து மலைப்பாதை வழியாகவும் அட்டப்பாடியை அடையலாம். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று ஊராட்சிகள். இருளர், முடுகர், குறும்பர் என்னும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மருத்துவமனையே இல்லாத காடு என்று எண்ணாதீர்கள். கோட்டத்தறையில் ஆதிவாசிகளுக்கென்றே அரசு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அப்படியிருந்தும் குழந்தைகள் ஏன் இறந்தன? அவற்றில் பல குறைந்த எடையோடும், சில மாதம் நிறையாமலும் பிறந்தவை. அவற்றின் தாய்மார்களில் அநேகர் இரத்தசோகையால் வெளிறிப்போயிருந்தார்கள். கேழ்வரகும் சாமையும் துவரையும் விளைந்த நிலங்கள் பலருடைய கையைவிட்டுப் போய்விட்டன. தட்டில் மிஞ்சியது ரேஷன் அரிசி. அந்த மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் இரத்தசோகை என்னும் பரம்பரை நோயும் இதனோடு சேர்ந்துகொண்டது. 2013 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்தார். உதவித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. ஊர்களில் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கின. பிரசவ அறையின் வாசலில் வந்து நின்ற மரணம், உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அடுப்படியில் புறப்பட்டிருந்தது.

இது எப்படி நேரிடுகிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். கர்ப்பகாலத்தில் பெண்ணின் இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. கர்ப்பகாலம் முழுவதற்கும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து அவளுக்குத் தேவை. அதில் 300 மில்லிகிராம் அளவு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போய்விடுகிறது. பிள்ளை தன் பங்கைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் வாங்கிக்கொள்கிறது. ஆகையால் மாதம் நிறையாமல் பிறக்கும் சிசு, பங்கை வாங்காமலே வந்துவிடுகிறது. தாயின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்தான நிலை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை எடை குறைந்த பிள்ளை என்கிறார்கள். அது குளிரையும் தொற்றுநோயையும் எதிர்த்து நிற்கப் பெலனற்றது. தாய்க்கும் ஆபத்து உண்டு. பிரசவத்தில் மற்றொருத்தி தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை, இரத்தமில்லாதவள் தாங்கமாட்டாள்.

கேரள மகப்பேறு மருத்துவர்களின் சம்மேளனம் 2004 முதல், அந்த மாநிலத்தில் நேரும் தாய்மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்துவருகிறது. யார் குற்றவாளி என்று தேடாமல், எந்த இடத்தில் தவறியது என்று தேடுகிறார்கள். முன்வரிசையில் நின்ற காரணங்கள் இரண்டு: இரத்தப்போக்கும் இரத்தக்கொதிப்பும்.

நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இது மலைவாசிகளின் கதையாகத் தோன்றலாம். 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்த ஏழைக் குடும்பங்களின் பெண்கள் அவர்கள். அவர் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும், சென்னை கோஷா மருத்துவமனையிலும் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். குறை உணவில்தான் என்று கண்டு, ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான பண்டத்தைக் கொடுத்துப் பார்த்தார், நோயாளிகள் தேறினார்கள். 1931-இல் அதை வெளியிட்டார். பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற சத்து அதுவே. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைக்குள் அதுவும் இருக்கிறது.

அந்த மாத்திரை நம் வீடுகளில் என்னவாகிறது? மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று அலமாரியில் கிடக்கிறது. அல்லது காலைத் தேநீரோடு விழுங்கப்படுகிறது. தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதனோடு சேர்த்து விழுங்கக்கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் நாளுக்கு ஒன்றாக 180 நாட்கள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் என்பது அரசின் கணக்கு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் தேசத்துக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டு. அரிவாள் செல் நோய் உள்ள குடும்பம் என்றால் மாத்திரை மாத்திரம் போதாது. மருத்துவரிடம் அதை முன்னமே சொல்லிவிட வேண்டும்.

“அதிகம் தின்னாதே, பிள்ளை பெரிதாகிவிட்டால் சுகப்பிரசவம் ஆகாது” என்று சொல்லும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஆலோசனையால் இளைப்பது தாயும் பிள்ளையும்.

நம் சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாமல் இருக்கமுடியவில்லை. உபவாச ஜெப நாட்களில் கர்ப்பவதியான சகோதரிகளும் பட்டினியாய் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். கர்ப்பிணி நெடுநேரம் உண்ணாதிருந்தால், அவள் இரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிட விரைவாகக் குறைகிறது. உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்குகிறது. அவள் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வரலாம் என்று போதகரே பீடத்திலிருந்து சொல்வது நல்லது. மூத்த சகோதரிகளின் பார்வைக்கு அஞ்சியே பலர் பட்டினி கிடக்கிறார்கள்.

இரத்தக்கொதிப்பு சத்தமில்லாமல் வரும். ஐந்தாம் மாதத்துக்குப் பின் 140/90 என்ற அளவை எட்டினால் எச்சரிக்கை. விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி, முகமும் கைகளும் திடீரென்று வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் சரியாகப் போகாததால் பிள்ளை வளராமல் நின்றுவிடும். தாய்க்கு வலிப்பு வரலாம். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட் என்னும் மலிவான ஊசிமருந்து இருக்கிறது. அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் நடந்த ஆய்வு 2002-இல் நிரூபித்தது. எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதிருங்கள். ஜெபியுங்கள், ஆட்டோவில் போய்க்கொண்டே ஜெபியுங்கள்.

இனி, ஊருக்குப் போகும் காரியம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண், புடவைகளையும் பலகாரத்தையும் எடுத்துவைக்கிறாள். தாய்-சேய் நல அட்டையை நகரத்து வீட்டிலேயே விட்டுவிடுகிறாள். எல்லையைத் தாண்டிய பின், எட்டு மாதத்து இரத்த அளவும் இரத்தக்கொதிப்பும் ஸ்கேன் விவரமும் அந்த ஊர் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் பிக்மி எண்ணையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். இரத்த வகை இன்னதென்று கணவரும் மாமியாரும் மனப்பாடமாகவே அறிந்திருக்கட்டும்.

நகரத்துக்குப் புதிதாய் வந்து, எந்த மருத்துவமனை என்று தெரியாமல் இருக்கிறீர்களா? 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதியில், அரசு சுகாதார மையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அட்டையோடு காலையிலேயே போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கணவரும் உடன் வரட்டும்.