விமானி உரிமத்தின் உண்மையான விலை

சில மாதங்களுக்கு முன், என்னிடம் பொருளியல் பயின்ற பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். பிளஸ் 2 முடித்த அவருடைய மகளுக்கு விமானி ஆக வேண்டும் என்று ஆசை. "ஐயா, ஊரில் இருக்கிற இரண்டு ஏக்கரை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். போதுமா?" என்று கேட்டார். மொத்தச் செலவு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடலாம். அதை எந்த வரிசையில் செலவிடுவது என்பதுதான் கடினமான கேள்வி. அவரைப் போன்ற பெற்றோர் இன்று பலர் இருப்பதால், அந்தக் கணக்கை இங்கே விரித்துரைக்கிறேன்.

நம் நாட்டில் விமானி உரிமங்களை வழங்குவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். தனிநபர் விமானி உரிமத்துக்கு 17 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் 40 மணி நேரம் பறந்த அனுபவமும் வேண்டும். அதில் ஒருமுறை 150 கடல்மைல் தொலைவைத் தனியாகப் பறந்து, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். ஆனால், இந்த உரிமத்தைக் கொண்டு ஊதியம் பெற்றுப் பறக்க முடியாது. அதற்கு வணிக விமானி உரிமம் தேவை. 18 வயது, பிளஸ் 2-இல் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, 200 மணி நேரம் பறந்த அனுபவம் ஆகியவற்றுடன் வானிலையியல், வழியறிதல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் தலா 70 விழுக்காடு மதிப்பெண்ணும் பெற வேண்டும்.

இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாடா பெற்றார். அன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்த இந்த உரிமம், இன்று நடுத்தரக் குடும்பங்களின் ஆகப்பெரிய முதலீடாக மாறியிருக்கிறது.

செலவின் பெரும்பகுதி பறக்கும் நேரத்தில்தான் கரைகிறது. பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் மணிக்கு 30 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். பயிற்றுநர், பராமரிப்பு, காப்பீடு, ஓடுதளக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 மணி நேரத்துக்கு 6 லட்சம்; 200 மணி நேரத்துக்கு 30 லட்சம். வகுப்பு, விடுதி, தேர்வுக் கட்டணங்களையும் சேர்த்தால் வணிக உரிமம் கைக்கு வரும்போது 40 முதல் 60 லட்சம் வரை ஆகிவிடுகிறது. அதன் பிறகும், ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட விமானத்தை இயக்கத் தனித் தகுதிப் பயிற்சி தேவை. அதற்கு மேலும் 15 முதல் 20 லட்சம்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு ஒன்று உண்டு, அது காத்திருப்பு. மழை, மூடுபனி, பழுதான விமானம், பயிற்றுநர் பற்றாக்குறை என ஏதோ ஒன்றால் பயிற்சி தள்ளிப்போகும். 50 லட்சத்தை 11 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்தின் விலையும் ஏறத்தாழ 46,000 ரூபாய்.

இதைவிடப் பெரிய இடர் சந்தையில் இருக்கிறது. தக்காளி விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் தக்காளி நடுவார்கள். அறுவடைக்குள் விலை வீழ்ந்துவிடும். பொருளியலில் இதைச் சிலந்தி வலைக் கோட்பாடு என்போம். விமானிப் பயிற்சியும் இரண்டு, மூன்று ஆண்டுப் பயிர்தான். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் அறிவிப்புச் செய்தன. அதே ஆண்டில் 1,600-க்கும் மேற்பட்ட வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. இது வளர்ச்சிதான். ஆனால், 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் ஆகியவை பறப்பதை நிறுத்தியதையும் பார்த்தோம். ஒரு நிறுவனம் முடங்கும்போது அனுபவம் வாய்ந்த விமானிகள் வேலைச் சந்தைக்கு வந்துவிடுகிறார்கள். 200 மணி நேர அனுபவத்துடன் நிற்கும் புதியவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார்.

ஆகவே நான் மாணவரிடம் சொன்னது, செலவு குறைந்த படியை முதலில் ஏறுங்கள் என்பதே. முதலில் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி அணிவது தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் அது பெருந்தடை. பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதல் வகுப்புச் சான்றுக்கான பரிசோதனை நடக்கிறது. அடுத்தது எழுத்துத் தேர்வுகள். இவ்விரண்டையும் பறப்பதற்கு முன்பே, பறக்கும் செலவில் சிறு பகுதியைக் கொண்டு முடித்துவிட முடியும். மூன்றாவதாகத்தான் பறக்கும் பயிற்சி. அதிலும் முழுக் கட்டணத்தை முன்னதாகக் கட்டாமல், பறந்த மணி நேரத்துக்கேற்பத் தவணையில் கட்ட வழியுண்டா என்று கேட்க வேண்டும். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, சென்ற அணி 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதங்கள் ஆயின என்பதையும் கேட்க வேண்டும். தனித் தகுதிப் பயிற்சிக்கான தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

அரசும் இதே வரிசையைப் பின்பற்றலாம். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கின்றன. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆகாயம் அங்கேயே மூடிவிடுகிறது. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், தனியார் விமானப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் என உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்தது. 40 லட்சத்துக்கு முன் அது எம்மாத்திரம்? அங்கீகாரம் பெற்ற விமானப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024-இல் தெளிவுபடுத்தியது நல்ல தொடக்கம். அடுத்த படியாக, மருத்துவச் சான்றும் எழுத்துத் தேர்வுத் தேர்ச்சியும் பெற்றவர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் பிணையற்ற கடன் வழங்கலாம். அந்தக் கட்டத்தில் இடர் வெகுவாகக் குறைந்திருக்கும். கடனைப் பறந்த மணி நேரத்துக்கேற்ப விடுவித்து, திருப்பிச் செலுத்துவதை வேலை கிடைத்த பின் தொடங்கச் செய்யலாம். முழு இடரையும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று.

என் மாணவர் நிலத்தை இன்னும் விற்கவில்லை. மகள் பெங்களூரு சென்று பரிசோதனையை முடித்துவிட்டு, இப்போது வானிலையியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாத் தாள்களிலும் தேறிய பிறகு முதல் ஏக்கரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.