கெட்ட செய்தி வந்து சேரும் இடம்

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளே 189 பேர். தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறாக ஒரு பெரிய சத்தம். சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்ற சந்தேகம். அனுபவசாலியான கேப்டன் பதற்றப்படவில்லை. கோளாறு என்னவென்று ஆராய்ந்தார். தரையில் மோதி நிற்க நேர்ந்தால் பயணிகளை எப்படி வெளியேற்றுவது என்று பணியாளர்களுடன் பேசினார். இப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தது.

விமானப் பொறியாளரின் கண் எரிபொருள் மானியின் மேல் இருந்தது. இன்னும் கால் மணி நேரம் சுற்றினால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று அவர் சொன்னார். ஆனால், அழுத்திச் சொல்லவில்லை. கேப்டனின் கவனமோ சக்கரத்தை விட்டு நகரவில்லை. எரிபொருள் தீர்ந்து இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஓடுதளத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்பாகவே விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருளைப் பற்றி எச்சரித்த பொறியாளரும் அவர்களில் ஒருவர்.

விசாரணை அறிக்கை இரண்டு பக்கமும் குறை கண்டது. கேப்டன் எரிபொருளைக் கவனிக்கவில்லை, சக பணியாளர்களின் எச்சரிக்கைக்கு உரிய மதிப்புத் தரவில்லை. துணை விமானி, பொறியாளர் ஆகிய மற்ற இருவரும் ஆபத்தை முழுதாக உணரவில்லை, அல்லது அவருக்கு உறைக்கும்படி எடுத்துச் சொல்லவில்லை. விமானிகளின் அறை ஒரு சின்ன அறை. தெரிந்தவருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையே சில அடி தூரம்தான். அந்தத் தூரத்தைக்கூட ஒரு கெட்ட செய்தியால் கடக்க முடியவில்லை.

நல்ல தலைவருக்கு என்ன குணங்கள் வேண்டும் என்று கேட்டால் தன்னம்பிக்கை, பேச்சுத் திறன், சட்டென்று முடிவெடுக்கும் துணிச்சல் என்று பட்டியல் போடுகிறோம். பணியிடங்களை ஆராயும் உளவியலாளர்கள் அதிகம் பேசாத வேறொரு குணத்தை முன்னே வைக்கிறார்கள். கீழே இருப்பவர் கெட்ட செய்தியோடு வரும்போது அந்தத் தலைவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதுதான் அது.

வாய் ஏன் அடைத்துப்போகிறது?

கெட்ட செய்தி சொல்லத் தயங்குவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர்கள் சிட்னி ரோசனும் ஆபிரகாம் டெஸ்ஸரும் 1970இல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். வேறொருவருக்கு வந்த தொலைபேசித் தகவலைச் சேர்ப்பிக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். நல்ல செய்தி என்றால் ஓடிப்போய் முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால், போன் வந்தது என்பதோடு பலரும் நிறுத்திக்கொண்டார்கள். கேட்பவர் முன்பின் தெரியாதவர், அவரால் இவர்களுக்கு ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. அங்கேயே இந்தத் தயக்கம் என்றால், சம்பள உயர்வையும் விடுமுறையையும் கையில் வைத்திருக்கும் மேலதிகாரி முன்னால் நாக்கு எப்படிப் புரளும்?

அதனால்தான் ‘எல்லாம் ஓகேதானே?’ என்று கேட்கும் மேலாளருக்கு ‘ஓகே சார்’ என்ற பதிலே வருகிறது. இயந்திரம் இரண்டு நாளாக விநோதமாக முனகுவது ஆபரேட்டருக்குத் தெரியும். வாடிக்கையாளர் கோபத்தில் இருப்பது விற்பனைப் பையனுக்குத் தெரியும். மேலே மட்டும் தெரியாது.

தவறுகள் அதிகமான நல்ல வார்டு

எமி எட்மண்ட்சன் 1990களில் ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுக்கும் பணியில் அவருக்கும் பங்கு இருந்தது. ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் இயங்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. சிறந்த குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம்.

நல்ல செவிலியர்கள் அதிகம் தவறு செய்வார்களா? தோண்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. அந்த வார்டுகளில் தவறுகள் மறைக்கப்படவில்லை. அளவு மாறிவிட்டது என்று தெரிந்த உடனே செவிலியர் வாயைத் திறந்தார், பொறுப்பாளர் காது கொடுத்தார், அடுத்த முறை நேராமல் இருக்க வழி தேடினார்கள். கண்டிப்பும் அச்சமும் நிறைந்த வார்டுகளில் பதிவேடு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தின் விலையை நோயாளி கொடுக்க வேண்டியிருக்கும்.

தயங்காமல் கேள்வி கேட்கலாம், தவறை ஒப்புக்கொள்ளலாம், அதற்காக யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்று ஒரு குழு முழுவதும் நம்பும் நிலையை ‘உளப் பாதுகாப்பு’ என்று சொல்லலாம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எட்மண்ட்சன் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தை நிலைநாட்டியது. பின்னாளில் கூகுள் தன் 180 குழுக்களை அலசியது. யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அதில் முதலிடம் உளப் பாதுகாப்புக்கே கிடைத்தது.

உளப் பாதுகாப்பைத் தலைவரின் இளகிய மனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலையின் தரத்தில் கறாராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தரத்தைக் காட்டித் திட்டுவது ஒன்று, உண்மையைச் சொன்னதற்காகத் திட்டுவது இன்னொன்று. முதலாவது வேலையைத் திருத்தும். இரண்டாவது வாயை மூடும்.

வங்கக் கடலில் விழுந்த ராக்கெட்

உண்மை பேச இடம் தரும் தலைமைக்கு நம் நாட்டிலேயே அழகான சாட்சி உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம். கடைசி நேரத்தில் கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்னதையும், நிபுணர்களின் யோசனையைக் கேட்டுத் தாமே அதைத் தாண்டி ஏவ முடிவெடுத்ததையும் பின்னாளில் கலாமே பல மேடைகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அன்று பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். கலாமை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவனுக்குச் சுலபம். அவர் தாமே போய் உட்கார்ந்தார். தோல்வியின் பொறுப்பைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டு, தம் குழு திறமையானது, அடுத்த முறை வெல்லும் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது தவன் கலாமைப் பார்த்து, பத்திரிகையாளர் சந்திப்பை நீங்கள் நடத்துங்கள் என்றார்.

இதைப் பெருந்தன்மை என்றே பலரும் சொல்கிறார்கள். அதில் அறிவியலும் இருக்கிறது. தோல்விக்குப் பிறகு ஒரு குழு செய்ய வேண்டிய முதல் வேலை, எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது. தலைக்கு மேல் கத்தி தொங்கினால் ஒவ்வொருவரும் தன் பகுதியில் கோளாறு இல்லை என்று நிரூபிக்கத்தான் பார்ப்பார்கள். வெளியே வரும் அடியைத் தலைவர் வாங்கிக்கொண்டால் உள்ளே உண்மை பேச இடம் கிடைக்கும்.

கற்றுக்கொள்ளக் கூடிய குணம்

கெட்ட செய்திக்குக் காது கொடுப்பது பிறவிக் குணமா? இல்லை என்பதற்கு அதே யுனைடெட் நிறுவனம் சாட்சி. போர்ட்லாந்து விபத்துக்குப் பின் 1981இல் அது தன் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது. கேப்டன் கேட்கப் பழக வேண்டும், மற்றவர்கள் அழுத்திச் சொல்லப் பழக வேண்டும் என்பதே அதன் சாரம்.

1989 ஜூலை 19 அன்று அந்நிறுவனத்தின் 232ஆம் எண் விமானத்தில் வால் பகுதி இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹேன்ஸ் தமக்கு எல்லாம் தெரியும் என்று நடிக்கவில்லை. பயணியாக வந்திருந்த விமானப் பயிற்சியாளர் ஒருவர் உதவ முன்வந்ததும் உள்ளே அழைத்தார், எஞ்சிய இரண்டு இன்ஜின்களின் விசைகளையே அவர் கையில் ஒப்படைத்தார். விமானிகள் அறையில் இருந்த நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே 40 நிமிடங்களுக்கு மேல் விமானத்தைக் காற்றில் நிறுத்தி, சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். தரை தொட்டபோது விமானம் உடைந்து சிதறியது, 112 பேர் இறந்தார்கள். ஆனால், 184 பேர் பிழைத்தார்கள். அதற்கு அந்தப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம் என்று ஹேன்ஸ் பின்னர் எடுத்துச் சொன்னார்.

உங்கள் கீழ் இரண்டு பேர் வேலை செய்தாலும் நீங்களும் ஒரு கேப்டன்தான். ‘எல்லாம் ஓகேதானே?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘எங்கே இடிக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தவறு ஒன்றை முதலில் நீங்களே சொல்லுங்கள். ஒருவர் கெட்ட செய்தியோடு வந்து நின்றால், காரணம் கேட்பதற்கு முன்னால், ‘சொன்னது நல்லதாப் போச்சு’ என்று சொல்லுங்கள். அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் நேரத்தோடு வந்து சேருமா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.