ஆறுமணிக் குருவி

சாரல் காலத்தில் மட்டும் குற்றாலம் வருபவர் இதைப் பார்த்திருக்க மாட்டார். ஆனி, ஆடியில் இது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். ஐப்பசி வாக்கில் தெற்கே வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர நிழலில் பங்குனி வரை தங்கும்.

பச்சை முதுகு, நீலத் தோள், சந்தன நிற மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. இந்தியில் இதன் பெயர் ‘நவரங்’. இத்தனை நிறமிருந்தும் கண்ணில் படுவது அரிது. உச்சிக் கிளைகளில் தேடாதீர்கள். குட்டை வாலை ஆட்டியபடி தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும்.

காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசில் கேட்கும். பெயர் வந்தது அதனால்தான். அந்த நேரத்தில் இங்கே சற்று அமைதியாக நில்லுங்கள்.